இரத்தச் சோதனையில் எண் ஏறினால்

பூச்சோங் வட்டாரத்தில் காசல்பீல்டு, கின்ராரா போன்ற தோட்டங்கள் இருந்த இடங்களில் இன்று வீடமைப்புப் பகுதிகள் நிற்கின்றன. பால்மரம் சீவிய நம் தாய்மார்களில் ஒருவர், காலையில் விரல்களை மடக்க முடியவில்லை, ஒரு மணி நேரம் கழித்தே கை வசப்படுகிறது என்றால், “உளி பிடித்த கை, வலிக்கத்தான் செய்யும்” என்று சொல்லிவிடுகிறோம். இரு கைகளிலும் விரல் கணுக்களும் மணிக்கட்டும் ஒருசேர வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே மூட்டின் உட்சவ்வைத் தாக்கும் நோய் இது, பெண்களுக்கே அதிகம்.

டாக்டர் இரண்டு இரத்தச் சோதனைகள் எழுதித் தருவார். இ.எஸ்.ஆர். என்பது, குழாயில் நிறுத்திய இரத்தத்தில் சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்ற கணக்கு. அழற்சி இருந்தால் அணுக்கள் காசு அடுக்கியதுபோல் ஒட்டிக்கொண்டு விரைந்து இறங்கும். ஐம்பது வயதுப் பெண்ணுக்கு ஏறக்குறைய 30 வரை இருக்கலாம். சி.ஆர்.பி. என்பது ஈரல் சுரக்கும் புரதம், 1930-ல் கண்டறியப்பட்டது. அழற்சி வந்த சில மணி நேரத்தில் ஏறும், தணிந்தால் சில நாட்களில் இறங்கும். இ.எஸ்.ஆர். இறங்க வாரக்கணக்காகும்.

இரத்தசோகை இருந்தாலும் இ.எஸ்.ஆர். ஏறும், சளிக்காய்ச்சலில் இரண்டுமே ஏறலாம். எண் சரியாக இருந்தும் மூட்டு வீங்குவோர் உண்டு. ஆகவே டாக்டர் கையையும் தொட்டுப் பார்த்தே முடிவு செய்வார். ஆனால் வீக்கத்தோடு எண்ணும் மாதக்கணக்கில் உயர்ந்தே நின்றால் எலும்பு அரிக்கப்படும். கோணிய விரல் பிறகு மருந்தால் நிமிராது.

பெரும்பாலும் முதலில் தருவது மெத்தோட்ரெக்சேட். இது வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடும் மருந்து! தினமும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகில் உண்டு. கிழமையை நாள்காட்டியில் வட்டமிட்டு வையுங்கள். குணம் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். “கேட்கவில்லை” என்று இரண்டாம் வாரமே நிறுத்தக் கூடாது. ஈரலைக் கவனிக்க இரத்தச் சோதனை தொடரும். கள்ளும் சம்சுவும் ஆகா. கருவுற்றவர்களுக்கு இம்மருந்து கூடவே கூடாது.

சந்தையில் விற்கும் ஜாமு மாத்திரை இரண்டே நாளில் வலியைப் போக்குகிறது என்பார்கள். போக்கும்தான்! அவற்றில் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை நம் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு நோயும். பலநாள் சாப்பிட்டவர் திடீரென நிறுத்தினாலும் ஆபத்து. அந்தப் பொட்டலத்தையே அரசாங்கக் கிளினிக்கிற்கு எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.