கைப்பேசிக் கோபுரமும் நம் மரபணுவும்

கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலிருந்து வரும் குடும்பத்தினர், வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றறிந்ததும் எங்களிடம் இவ்வாறு கேட்பதுண்டு: "பக்கத்திலிருக்கும் டவர்தான் காரணமா, டாக்டர்? பிள்ளைகளுக்கும் வருமா?"

மரபணு என்பது உயிரணுவினுள் டி.என்.ஏ. இழையில் அமைந்த கட்டளை. எக்ஸ் கதிர், காமா கதிர் ஆகியவை அவ்விழையை அறுக்கும் ஆற்றலுடையவை. கைப்பேசியின் ரேடியோ அலைத் துகளுக்கு அதற்குத் தேவையான ஆற்றலில் பல லட்சத்தில் ஒரு பங்கே உண்டு. மிக வலுவான ரேடியோ அலை திசுவைச் சூடாக்கும். அதைத் தடுக்கவே பன்னாட்டு வரம்புகள் வகுக்கப்பட்டன. கோபுரங்களுக்கு அவ்வரம்பில் பத்தில் ஒரு பங்கையே இந்தியா 2012 செப்டம்பர் 1 முதல் நடைமுறைப்படுத்தியது.

பின் ஐயம் ஏன்? பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2011-இல் ரேடியோ அலைகளை '2பி', அதாவது 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் சேர்த்தது. கைப்பேசியைக் காதோடு வைத்து மிக அதிகம் பேசியோரிடம் கிடைத்த குறைந்த அளவுச் சான்றே அதற்கு முதன்மைக் காரணம். ஆய்வகங்களில் சிலர் டி.என்.ஏ. சிதைவைக் கண்டனர், வேறு பலர் காணவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் வேண்டுகோளின்படி நடந்து 2024-இல் வெளியான தொகுப்பாய்வு, கைப்பேசிப் பயன்பாட்டை மூளைப் புற்றுநோயுடன் தொடர்புபடுத்தவில்லை.

தொலைவிலுள்ள கோபுரத்தைவிடக் காதருகே உள்ள கைப்பேசியிலிருந்தே உடல் பொதுவாக அதிக அலைகளைப் பெறுகிறது. சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசி கூடுதல் வலிமையுடன் அலை பரப்பும். அங்கு நீண்ட பேச்சைத் தவிர்க்கலாம். ஸ்பீக்கரையோ இயர்போனையோ பயன்படுத்தலாம்.

எங்கள் கவலை வேறு. கோபுரத்தை அகற்றக் கோரி மனுவுடன் அலையும் வாரங்களில் பயாப்சி தள்ளிப்போகிறது, கட்டி வளர்கிறது. பீடியும் புகையிலையும் மரபணுவைச் சிதைத்துப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமின்றி நிறுவப்பட்டது. அவை வீட்டிலேயே தொடர்கின்றன.

கோபுரத்தருகே வாழ்ந்த பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு மரபணுக் குறை கடந்ததாக நிறுவப்படவில்லை. ஆனால் நெருங்கிய உறவினர் பலருக்கு மார்பகம், சினைப்பை, பெருங்குடல் ஆகியவற்றில் புற்றுநோய் வந்திருந்தாலோ, இளவயதிலேயே ஒருவருக்கு வந்திருந்தாலோ, மறவாமல் மருத்துவரிடம் கூறுங்கள். பரம்பரைக் காரணம் உள்ளதா எனச் சோதித்தறிய வழியுண்டு. குறித்த நாளில் பரிசோதனைக்கு வாருங்கள். ஐயங்களையும் உடன் கொண்டுவாருங்கள். விடை கூற நாங்கள் இருக்கிறோம்.