மோட்டார் சைக்கிள்: பார்வைக்கா, பாவனைக்கா?

2020இல் விதிக்கப்பட்ட இறக்குமதித் தடை நீங்கி, 2025ஆம் ஆண்டில் புதிய மோட்டார் சைக்கிள்கள் மீண்டும் காட்சியறைகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து நமது வியாபாரச் சகோதரர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "நானா, கடைக்கு ஒரு பைக் எடுக்கணும். மகன் ஸ்போர்ட்ஸ் பைக் ஒன்றைத்தான் காட்டுறான். எடுத்துக் கொடுக்கவா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கொள்வனவுகள் கலந்திருக்கின்றன. ஒன்று கடைக்கு, மற்றது மகனுக்கு. மகனின் ஆசைக்கு வாங்கிக் கொடுப்பதில் தவறில்லை. வசதியுள்ளவர் தாராளமாகக் கொடுக்கட்டும். ஆனால், அந்தச் செலவைக் கடைக் கணக்கில் எழுதிவிட்டு, "கடைக்கு ஒரு பைக் எடுத்தோம்" என்று சொல்லிக்கொள்வதைத்தான் நான் ஏற்பதில்லை. கடைக்கு வாங்குவது தராசு போன்ற ஒரு கருவி. அது எத்தனை கிலோ நிறுக்கும், எத்தனை வருடம் உழைக்கும் என்றுதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வயதினர் ஹொண்டா சீ 50, சீ 90, சீடி 125 என்று பார்த்து வளர்ந்தவர்கள். இவற்றில் சீ 50, சீ 90 இரண்டும் ஹொண்டாவின் சுப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1958இல் தொடங்கிய அந்தக் குடும்பத்தில் 2017ஆம் ஆண்டுக்குள் பத்துக் கோடி வண்டிகள் உற்பத்தியாகிவிட்டன. அழகுக்காக அத்தனை கோடி விற்கவில்லை. பிறகு இந்திய வண்டிகள் வந்தன. 2001இல் பஜாஜ் நிறுவனம் இந்தியாவில் பல்சரை அறிமுகப்படுத்தியது. அதன்பின் இளைஞர்களின் கண் மாறியது. 2008இல் யமஹாவின் எஃப்சீயும் ஆர் 15உம் வந்தபோது "மைலேஜ் எவ்வளவு?" என்ற கேள்வி பின்னுக்குப் போய், "டயர் எவ்வளவு அகலம்?" என்ற கேள்வி முன்னுக்கு வந்தது.

இனி என்ஜின் விடயத்துக்கு வருவோம். ஆர் 15இன் 155 சீசீ என்ஜின் 18 குதிரை வலுவுக்குச் சற்று அதிகமாகத் தரும் என்பது உண்மை. ஆனால் அந்த வலு கிடைப்பது, என்ஜின் நிமிடத்துக்கு 10,000 தடவை சுழலும்போது. புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் நாட்டாமியின் கைவண்டிக்குப் பின்னால் ஊர்ந்து போகிறவருக்கு அந்த 10,000 எங்கே கிடைக்கப்போகிறது? ஸ்பிளெண்டர் போன்ற 100 சீசீ வண்டியின் வலு சுமார் 8 குதிரைதான். ஆயினும் குறைந்த வேகத்தில் இழுப்பதற்கென்றே அதன் என்ஜினும் கியரும் அமைக்கப்பட்டுள்ளன. எடையும் 112 கிலோ அளவுதான். ஆர் 15 அதைவிட 30 கிலோ கூட. ஹேண்டிலும் அதிகம் திரும்பாது. ஒடுங்கிய சந்துக்குள் வண்டியைத் திருப்பி எடுக்கும் பையனுக்குத்தான் இந்த வித்தியாசம் தெரியும். முன்னே குனிந்து மணிக்கட்டில் பாரத்தைப் போட்டு ஓட்டும் அமைப்பு, திறந்த வீதியில் வேகமாகக் காற்றை எதிர்த்துப் போகச் சுகமானது. நின்று நின்று இருபது கடைகளுக்கு ஓடர் எடுக்கப் போகிறவருக்கு மாலையில் கையும் முதுகும் நோகும்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க முடியாது. ஜூன் இறுதியில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவானது. ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று ஒதுக்கினார்கள். ஒரு நாளைக்கு 40 கிலோமீற்றர், வாரத்தில் ஆறு நாள் ஓடும் ஒரு கடை வண்டியை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 240 கிலோமீற்றர். லீற்றருக்கு 60 ஓடும் 100 சீசீ வண்டிக்கு அந்த 4 லீற்றர் சரியாக ஆறு நாளுக்கும் போதும். லீற்றருக்கு 40 ஓடும் வண்டி நாலாம் நாளோடு நின்றுவிடும். மீதி இரண்டு நாளும் சரக்குக் கொண்டுபோக முடியாதென்றால் வாடிக்கையாளர் காத்திருப்பாரா? அடுத்த கடைக்குப் போய்விடுவார். திரும்பி வருவதும் நிச்சயமில்லை.

நெருக்கடி இல்லாத காலத்துக்கும் அதே ஓட்டத்தைக் கணக்குப் பார்க்கலாம். மாதம் 26 நாள் ஓடினால் 1,040 கிலோமீற்றர். ஒரு வண்டிக்கு 17 லீற்றர் சொச்சம், மற்றதற்கு 26 லீற்றர். கணக்குக்காக லீற்றரை 300 ரூபா என்று வைத்தாலும் மாதம் 2,600 ரூபா வித்தியாசம். வருடத்துக்கு முப்பதாயிரத்தைத் தாண்டும். இதில் டயர் சேரவில்லை. ஸ்பிளெண்டரின் டயர் ஒடுங்கியது, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். 140 மில்லிமீற்றர் அகலப் பின் டயருக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்க வேண்டும். விழுந்தால் உடைகின்ற பிளாஸ்டிக் மூடிகளின் விலையைக் கராஜ் பாஸிடம் கேட்டுப் பாருங்கள், நான் சொல்லத் தேவையில்லை.

இன்னொரு விடயம். பகலில் கடைக்கு ஓடும் வண்டியில்தான் பின்னேரம் மனைவியும் பிள்ளையும் போகிறார்கள். சாதாரண வண்டியில் சங்கிலிக்கு மூடி இருக்கிறது, பின் சில்லின் பக்கத்தில் சேலைத் தடுப்புக் கம்பி இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கைபிடி இருக்கிறது. ஸ்போர்ட்ஸ் வண்டியில் சங்கிலி திறந்தபடி. பின்னாசனம் உயரமானது, ஒரு கைப்பிடி அகலந்தான். அபாயாவோ சேலையோ அணிந்த ஒரு பெண் அதில் பக்கவாட்டில் உட்கார்ந்து போவதைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறும். துணி சில்லில் சுற்றினால் என்ன நடக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள். சேலைத் தடுப்பைக் "கிழட்டுத்தனமாக இருக்கிறது" என்று கழற்றி வீசுகின்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அதைக் கழற்ற விடவே கூடாது.

அதற்காக ஸ்போர்ட்ஸ் வண்டியை முழுக்கக் குறை சொல்வது நியாயமில்லை. நிறுத்துவதில் அது கெட்டி. டிஸ்க் பிரேக்கும், சில்லு இறுகி வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ்ஸும், அகல டயரும் மழையில் உயிரைக் காப்பாற்றும். மலிவான 100 சீசீ வண்டிகளில் பல இன்னும் இரண்டு பக்கமும் ட்ரம் பிரேக்தான். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சீசீக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதற்குக் குறைந்தவற்றுக்கு, ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சில்லும் சேர்ந்து பிடிக்கும் சீபீஎஸ்ஸாவது இருக்க வேண்டும். இது அந்நாட்டுச் சட்டம். இங்கே வரும் வண்டியிலும் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளாமல், காட்சியறையில் வாயைத் திறந்து கேளுங்கள்.

மாவனல்லையிலிருந்து கடுகண்ணாவ ஏற்றத்தால் தினமும் கண்டிக்குச் சரக்கோடு போகிறவருக்கு 100 சீசீ போதாது என்பதும் உண்மையே. ஏற்றத்தில் லொறிக்குப் பின்னால் இரண்டாம் கியரில் முனகிக்கொண்டு, முந்தவும் முடியாமல் போவது ஆபத்தானது. அத்தகையவருக்கு நான் சொல்வது, நிமிர்ந்து உட்காரும் 125 அல்லது 150 சீசீ வண்டி, முன்னால் டிஸ்க் பிரேக்கோடு. பல்சர் 150 போன்றவை பார்வைக்கு ஸ்போர்ட்ஸ், பாவனைக்குச் சாதாரணம். மகனுக்கும் முகம் கோணாது. கல்முனை, காத்தான்குடி போன்ற சமதரைப் பக்கத்தவருக்கு 100 சீசீயே தாராளம்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஸ்போர்ட்ஸ் வண்டியின் பெயின்ட் பளபளப்பில் மயங்க வேண்டாம். பிரேக், கிளச் பிடிகளின் நுனியையும், கால் மிதியின் வெளி விளிம்பையும், சைலன்சரின் கீழ்ப்பக்கத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். தேய்ந்த தடம் இருந்தால் அது தாரில் இழுபட்ட வண்டி. பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி உள்ளே சட்டத்தைப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் முற்பணம் கொடுக்காமல் வந்துவிடுங்கள்.