ஒரே நிரல், இருவேறு விடை

கணிப்பொறியைப் பணிகொள்ளும் முறை இருவகைப்படும். விசைப்பலகையின் முன் அமர்ந்து, கட்டளை இடுவதும் உடனுக்குடன் விடை பெறுவதுமாக நடத்துவது உரையாடல் முறை. கட்டளைகளை முன்னரே எழுதிவைத்து, ஆளில்லா வேளையிலும் தானே இயங்கச் செய்வது தொகுப்பு முறை. ஒரே நிரல் இரண்டிலும் ஒரே விடை தரும் என்பது பொதுவான நம்பிக்கை. அது பொய்த்த நிகழ்ச்சி ஒன்றைக் கொண்டு காரணத்தை ஈண்டு விளக்க முற்படுகின்றோம்.

நிகழ்ந்தது

சொல்லடைவு ஒன்றைத் தொகுக்கும் பணியில் ஈடுபட்டிருந்தோம். மாணவர் ஒருவர் லினக்ஸ் கணிப்பொறியில் சொற்களை அகரவரிசைப்படுத்தும் சிறு நிரல் எழுதித் தந்தார். அவர் எம் கண்முன் இயக்கியபோது மரம், மலர், மனம் என முறையாக வந்தது. குறித்த நேரத்தில் பணியைத் தொடங்கும் 'கிரான்' என்னும் ஏற்பாட்டின்வழி இரவில் இயக்கியபோதோ, காலையில் மனம், மரம், மலர் என நின்றது. நெடுங்கணக்கும் அறியாதவரோ என மாணவரைக் கடிந்துகொண்டோம். அவர் மீண்டும் இயக்கிக் காட்டினார். வரிசை சரியாகவே இருந்தது.

காரணம்

பிழை நிரலில் இல்லை. அது இயங்கிய சூழலில் இருந்தது. நாம் கணிப்பொறியினுள் நுழையும்போது பல சூழற்குறிப்புகள் அமைகின்றன. எம்மொழியின் வரிசைமுறை என்பதும் அவற்றுள் ஒன்று. எம் கணிப்பொறியில் கிரான் மிகச் சில குறிப்புகளோடு மட்டுமே பணியைத் தொடங்கியது. மொழிக்குறிப்பு இல்லாதவிடத்து, எழுத்துகளின் யூனிகோடு எண்ணே வரிசையாகிவிடுகின்றது. இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த 1988-ஆம் ஆண்டின் 'இஸ்கி' அமைப்பை யூனிகோடு பின்பற்றியமையால், றன்னகரம் தந்நகரத்தை அடுத்து, பகரத்திற்கு முன் நிற்கின்றது. நம் நெடுங்கணக்கிலோ அஃது இறுதி மெய். ஆகவேதான் 'மனம்' முந்திக்கொண்டது.

இத்தகைய வேறுபாடுகள் இன்னும் சில உள. கட்டளைகளைத் தேடும் பாதை மாறலாம். பணி தொடங்கும் கோப்புறை மாறலாம். திரைக்குச் செல்லும் விடை வரிவரியாகத் தோன்ற, கோப்பிற்குச் செல்வது நினைவகத்தில் தேங்கிப் பின்னர் மொத்தமாக எழுதப்படுவதும் உண்டு. நிரல் இடையில் முறிந்தால் இறுதி வரிகள் காணாமற்போகும்.

தீர்வு

முதற்கண், 'என்வ்' என்னும் கட்டளையை இருமுறைகளிலும் இயக்கி, சூழற்குறிப்புகளைத் தனித்தனிக் கோப்பிலிட்டு ஒப்பிட வேண்டும். அடுத்து, அக்குறிப்புகளை நீக்கிய வெறுஞ்சூழலில் நிரலைப் பகலிலேயே இயக்கினால், இரவில் மறைந்திருந்த பிழை கண்முன் வெளிப்படும். பின்னர், வேண்டிய மொழிக்குறிப்பையும் கோப்புகளின் முழுப் பாதையையும் நிரலினுள்ளேயே எழுதிவிடல் வேண்டும். நாம் இவ்வாறு செய்தபின் இருமுறையிலும் ஒரே வரிசை கிடைத்தது.

ஈரேடுகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியரின் பணியே இதுவும். ஏடு எழுதியவரைப் பழிக்குமுன் ஏடு கடந்துவந்த வழியை ஆராய வேண்டும் எனப் பிறர்க்குக் கற்பிக்கும் நாம், அதனை மறந்தோம். மாணவரிடம் எம் கடுஞ்சொல்லுக்கு வருத்தம் தெரிவித்த பின்னரே சொல்லடைவுப் பணியைத் தொடர்ந்தோம்.