ஜெர்சிப் பங்கு எத்தனை விழுக்காடு?

திருநள்ளாற்றில் ஓர் உழவர் தம் உம்பளச்சேரிப் பசுவுக்கு ஜெர்சி சினை ஊசி போடுவதாகக் கொள்வோம். பிறக்கும் கிடேரியில் ஜெர்சிப் பங்கு 50 விழுக்காடு. அதற்கும் ஜெர்சி ஊசியே போட்டால் அடுத்த கன்றில் 75, அதற்கடுத்ததில் 87.5. கதிரியக்கப் பொருளைப் போல, நாட்டுப் பங்கு தலைமுறைதோறும் பாதியாகத் தேய்கிறது.

இதனால் பால் கூடலாம். ஆனால் வெயிலைத் தாங்கும் திறன் குறையும். ஆகவேதான் நம் நாட்டில் அயல் பங்கைப் பெரும்பாலும் 50 விழுக்காட்டை ஒட்டி நிறுத்த முயல்கின்றனர்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. முதல் 50 உறுதியானது. 75 வெறும் சராசரியே. மாட்டின் உயிரணுவில் 60 குரோமோசோம்கள். கருமுட்டைக்குச் செல்பவை 30. கலப்புக் கிடேரியின் முட்டையில் ஜெர்சிப் பங்கு எவ்வளவு என்பது சீட்டுக் குலுக்கல் போன்றது. உடன்பிறந்த கன்றுகளில் ஒன்றில் 70, மற்றொன்றில் 80 இருக்கலாம். பதிவேட்டில் இரண்டும் 75தான்! உண்மைப் பங்கை மரபணுச் சோதனையே காட்டும். எனினும், எந்தக் காளையின் ஊசி என்று குறித்து வைக்காவிட்டால் அந்தச் சராசரியும் நம் கையில் இராது.