பால் மறக்கும் முயல் குட்டிகள்!

முயல் வளர்ப்பில் இரண்டு கண்டங்கள் உண்டு. ஒன்று, குட்டி பிறந்த முதல் வாரம். மற்றொன்று, குட்டி பால் மறக்கும் வாரம்.

முதல் கண்டம் எல்லோருக்கும் தெரியும். கூண்டை விட்டு நகராமல் காவல் இருப்பார்கள். இரண்டாவது கண்டத்தில்தான் ஏமாந்து போகிறார்கள். "குட்டிதான் துள்ளி ஓடுகிறதே, இனி என்ன பயம்?" என்று இருந்து விடுகிறார்கள். நேற்று ஓடிய குட்டி இன்று வயிறு உப்பி, கழிந்து, செத்துக் கிடக்கும்.

இதைப் பெரும்பாலும் தடுத்து விடலாம். அதற்குப் பணம் வேண்டாம். பொறுமை வேண்டும்.

ஒரு நாளைக்கு ஒரு வேளை

முயலின் சினைக்காலம் சுமார் 31 நாள். பிறந்த குட்டிக்கு முடி இருக்காது. கண்ணும் திறந்திருக்காது. எடை 50, 60 கிராம்தான்.

தாய் முயல் பெரும்பாலும் ஒரு நாளைக்கு ஒரே தடவைதான் பால் கொடுக்கும். அதுவும் ஐந்து நிமிடத்துக்குள் முடிந்து விடும்!

அது போதுமா? போதும். முயல் பால் அவ்வளவு கெட்டி. பசும்பாலைப் போல சுமார் மூன்று மடங்கு கொழுப்பும் புரதமும் அதில் உண்டு. ஒரே வாரத்தில் குட்டியின் எடை இரட்டிப்பாகி விடும்.

10 அல்லது 12-வது நாளில் கண் திறக்கும். 3 வாரம் ஆனதும் தாயின் தீவனத்தைக் கொறிக்கத் தொடங்கும். அதற்குப் பிறகு தாயின் பால் குறைந்து கொண்டே போகும்.

ஏன் ஆபத்து?

பால் குடிக்கும் வரை, குட்டியின் குடலுக்கு அந்தப் பாலே காவல். பால் நின்றால் காவலும் நின்று விடும். வளர்ந்த முயலின் வயிற்றில் ஊறும் அமிலம் கிருமிகளைக் கொல்லும். குட்டிக்கு அந்த அமிலம் இன்னும் முழுதாக ஊறத் தொடங்கியிருக்காது.

அந்த நேரத்தில் தாயையும் பிரித்து, இடத்தையும் மாற்றி, தீவனத்தையும் மாற்றினால் குட்டி தாங்குமா?

எப்படிப் பிரிப்பது?

4 வாரத்துக்கு முன்பு பிரிக்காதீர்கள். 5, 6 வாரம் வரை விட்டு வைப்பது நல்லது.

பிரிக்கும்போது குட்டிகளைத் தூக்காதீர்கள். தாயைத் தூக்கி வேறு கூண்டில் விடுங்கள். குட்டிகள் பழகிய இடத்திலேயே இருக்கட்டும்.

நோஞ்சான் குட்டிகள் இருந்தால் வழி வேறு. கொழுத்த குட்டிகளை முதலில் இரண்டு மூன்றாகச் சேர்த்துப் பிரியுங்கள். நோஞ்சான்கள் இன்னும் சில நாள் தாயிடம் குடிக்கட்டும். அவையும் தேறும், தாயின் மடியும் மெல்ல வற்றும்.

பழைய தீவனத்தையே 2 வாரம் கொடுங்கள். காய்ந்த புல் எப்போதும் இருக்க வேண்டும். பசுந்தழையை வாட வைத்து, கொஞ்சமாகப் பழக்குங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு விஷம். கூண்டு உலர்ந்திருக்கட்டும். கழிச்சல் கிருமிக்கு ஈரம்தான் துணை.

குட்டி தன் மெல்லிய புழுக்கையைத் தானே தின்றால் மிரளாதீர்கள். அது முயலின் இயல்பு. மிச்சமிருக்கும் சத்தை அப்படித்தான் எடுத்துக் கொள்கிறது.

3 மாதம் ஆவதற்குள் ஆணையும் பெண்ணையும் தனித்தனியே பிரித்து விடுங்கள்.

தாயை மறக்காதீர்கள்!

குட்டிகள் பிரிந்தது மடிக்கு உடனே தெரியாது. பால் ஊறிக் கட்டிக் கொள்ளும். மடி சிவந்து, சூடாகி, கல் போல் கெட்டியானால் அது மடிநோய். தாமதிக்காமல் கால்நடை டாக்டரிடம் கொண்டு போங்கள்.

இது வராமல் தடுக்க ஒரு வழி உண்டு. பிரிப்பதற்கு 2 நாள் முன்பே குச்சித் தீவனத்தைப் பாதியாகக் குறையுங்கள். பிரித்த பிறகும் சில நாள் அதே அளவுதான். காய்ந்த புல்லை வயிறு நிறையக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் ஒருபோதும் குறைக்காதீர்கள்.

மடி வற்றியதும் தாயின் முதுகைத் தடவிப் பாருங்கள். எலும்பு கத்தி முனை போல் குத்துகிறதா? தாய் மெலிந்து விட்டது. தீவனத்தை மெல்லக் கூட்டுங்கள். வேலிமசால், முயல்மசால், அகத்தி கொடுங்கள். எலும்பே தட்டுப்படவில்லையா? கொழுத்து விட்டது. தீவனத்தைக் குறையுங்கள். கொழுத்த முயல் சினை பிடிப்பது கஷ்டம்.

கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தில் ஒயிட் ஜெயண்ட், சோவியத் சின்சில்லா ஜாதி முயல்களை வளர்க்கிறார்கள். இப்படிப்பட்ட பெரிய ஜாதித் தாய்க்குச் சாதாரண நாளில் புல்லோடு 100 முதல் 150 கிராம் குச்சித் தீவனம் போதும். பால் கொடுக்கும்போது ஏறக்குறைய இரண்டு மடங்கு வேண்டும்.

குட்டி ஈன்ற மறுநாளே முயல் மீண்டும் சினை பிடிக்கும். அதற்காக அவசரப்படாதீர்கள். உடம்பு தேறிய தாயே அடுத்த ஈற்றில் நல்ல குட்டிகளையும், நிறையப் பாலையும் தரும்.