'ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்!'

சைக்கிளை ரிப்பேருக்கு விட்டுவிட்டுக் கடை வாசலில் காத்திருந்த எல்லோருக்கும் இந்த வசனம் பழக்கம். பஞ்சர் ஒட்டி, செயினை மாட்டி, பிரேக்கை இறுக்கி முடித்ததும் கடைக்காரர் கையைப் பழைய துணியில் துடைத்துக்கொள்வார். "இருங்க, ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துட்டுத் தர்றேன்" என்று நம் சைக்கிளில் ஏறித் தெருமுனை வரை போய்த் திரும்புவார். திரும்பி வந்தவர் எதுவும் பேசாமல் மறுபடி ஸ்பேனரை எடுத்தால், அவர் காதுக்கு ஏதோ கேட்டிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த ஒரு ரவுண்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கடலூர் மஞ்சக்குப்பமாக இருக்கட்டும், திருப்பாதிரிப்புலியூராக இருக்கட்டும், சிதம்பரத்தின் தேரோடும் வீதிகளாக இருக்கட்டும். நல்ல சைக்கிள் கடையைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. அங்கே வேலை பார்ப்பவர்கள் தாங்களும் சைக்கிள் ஓட்டுகிறார்களா என்று பாருங்கள்.

ஸ்டாண்டில் தெரியாதது

சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தோ, ஸ்டாண்டில் தூக்கி மாட்டியோ பெடலைச் சுற்றினால் எல்லாமே சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். ஏனென்றால் அப்போது சைக்கிள் மேல் பாரம் இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறி அழுத்தி மிதிக்கும்போதுதான் தேய்ந்துபோன செயின், ப்ரீவீல் பல்லிலிருந்து 'டக்'கென்று வழுக்கும். பெடல் அச்சுக்குள் இருக்கும் பால்ஸ் தேய்ந்திருந்தால், 'கறக்... கறக்...' சத்தம் ஆள் ஏறி மிதிக்கும்போதுதான் கேட்கும். ஸ்டாண்டில் அழகாக மாறிய கியர், சாலையில் தடுமாறும்.

புதிதாகக் கம்பி கட்டிய சக்கரம் முதல் ஓட்டத்தில் 'டிக் டிக்' என்று சத்தம் கொடுப்பது உண்டு. முறுக்கிக்கொண்டிருந்த கம்பிகள் தங்கள் இடத்தில் போய் உட்காரும் சத்தம் அது. ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒருமுறை கோட்டம் எடுத்தால்தான் வேலை முடியும். ஓட்டாமல் கொடுத்துவிட்டால், ஒரே வாரத்தில் ரிம் ஆட ஆரம்பிக்கும்.

எந்தச் சத்தம் ஆபத்து, எந்தச் சத்தம் வெறும் மட்கார்டு ஆட்டம் என்று பிரித்துச் சொல்ல ஸ்பேனர் மட்டும் போதாது. தினமும் மிதித்துப் பழகிய காலும், கேட்டுப் பழகிய காதும் வேண்டும்.

காற்றுதான் இங்கே மலை

"நம்ம ஊர்ல மலையா இருக்கு? கியர் சைக்கிள் எதுக்கு?"

புது சைக்கிள் வாங்கப் போகிற வீட்டில் அப்பாக்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயம்தான். கடலூரிலிருந்து சிதம்பரம் ஏறக்குறைய 45 கிலோமீட்டர். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர், வெள்ளாறு என்று போகும் அந்தப் பாதையில் பாலங்களைத் தவிர ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால், அந்தப் பாதையில் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடக்கு நோக்கி ஓட்டியவர்களைக் கேட்டுப்பாருங்கள். வடகிழக்குக் காற்று முகத்தில் அடிக்கும்போது, சமதரையே மேடாகிவிடும். சைக்கிளின் வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பது கணக்கு. எதிர்க்காற்று சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். கியரின் அருமை அப்போதுதான் தெரியும். இதை விலைப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல முடியாது. எதிர்க்காற்றில் மூச்சு வாங்கிய கடைக்காரர்தான், "இந்தப் பையனுக்கு இது போதும், உங்களுக்கு அது வேணும்" என்று சரியாகச் சொல்ல முடியும்.

சொல்லப்போனால், சைக்கிளில் கியர் வளர்ந்த கதைக்குள்ளேயே இப்படி ஒரு கடைக்காரர் இருக்கிறார். பிரான்சின் செந்த் எத்தியேன் நகரில் பட்டு வியாபாரம் செய்துகொண்டிருந்தவர் பால் தெ விவி. 1887ல் அந்தத் தொழிலை விட்டுவிட்டு சைக்கிள் கடை வைத்தார். கூடவே சைக்கிளுக்கென்று ஒரு பத்திரிகையும் தொடங்கினார். ஊரைச் சுற்றி மலைகள். கடையில் விற்பதைத் தானே மலையில் ஏற்றிப் பார்ப்பார். ஒரே கியர் போதாது, மாற்றிக்கொள்ளும் கியர் வேண்டும் என்று பல ஆண்டுகள் வாதாடினார்.

எதிர்ப்பும் இருந்தது. பின்னாளில் டூர் தெ பிரான்ஸ் போட்டியைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான் கியர் தேவை என்கிற ரீதியில் 1902ல் எழுதினார். அந்தப் போட்டியில் செயின் மாறும் கியரை அனுமதித்தது 1937ல்தான். விவி 1930லேயே இறந்துவிட்டார். ஆனால், இன்று கியர் சைக்கிள் என்றாலே செயின் மாறும் அந்த அமைப்புதான் முதலில் நினைவுக்கு வருகிறது. மலையில் மிதித்துப் பார்த்தவரின் பேச்சுதான் கடைசியில் நின்றது.

கடை வாசலிலிருந்து வானம் வரை

விமானத்தைக் கண்டுபிடித்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடைக்காரர்கள் என்பது நமக்குத் தெரியும். அவர்கள் சைக்கிளை எப்படி ஓட்டினார்கள் என்பது இன்னும் சுவாரஸ்யம். 1892ல் அமெரிக்காவின் டேட்டன் நகரில் கடை திறந்த அவர்களுக்கு, 1901ல் ஒரு சந்தேகம் வந்தது. இறக்கைகள் பற்றி அதுவரை வெளியாகியிருந்த கணக்குகள் சரிதானா? ஒரு சைக்கிளின் ஹேண்டில் பாருக்கு முன்னால், படுக்கைவாட்டில் மூன்றாவதாக ஒரு சக்கரத்தைப் பொருத்தினார்கள். அதில் சிறிய இறக்கை மாதிரியையும் ஒரு தகட்டையும் மாட்டித் தெருவில் வேகமாக மிதித்தார்கள். காற்றில் அந்தச் சக்கரம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்தார்கள். அந்தச் சோதனையில் சந்தேகம் வலுத்த பிறகுதான் காற்றுச் சுரங்கம் செய்து துல்லியமாக அளந்தார்கள்.

1903 டிசம்பர் 17ல் பறந்த விமானத்தின் விசிறிகளைச் சுழற்றியது செயினும் பல்சக்கரமும்தான். அதன் இன்ஜினைச் செய்தவர் அவர்கள் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்த மெக்கானிக் சார்லி டெய்லர்.

இன்னொரு டெய்லரும் உண்டு. மார்ஷல் டெய்லர் என்ற கறுப்பினச் சிறுவன், இண்டியானாபோலிஸ் நகர சைக்கிள் கடை ஒன்றில் எடுபிடியாகச் சேர்ந்தான். கூட்டத்தை இழுக்க ராணுவ உடை மாதிரி ஒன்றை மாட்டிக்கொண்டு, கடை வாசலில் சைக்கிளில் வித்தை காட்டுவது அவன் வேலைகளில் ஒன்று. அதனால் 'மேஜர்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நிறவெறி தலைவிரித்தாடிய காலத்தில், 1899ல் மான்ட்ரியலில் அந்த மேஜர் டெய்லர் உலக சாம்பியன் ஆனார். கடைப் பையன்தானே என்று யாரையும் குறைத்து எடைபோட முடியாது.

குரங்கு பெடலில் தொடங்கிய பாடம்

நம் ஊர்க் கடைப் பையன்களின் கதையும் ஓட்டத்தில்தான் தொடங்கும். வாடகை சைக்கிள் இருந்த காலத்தில் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு. கால் எட்டாத வயதில் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகியவர்கள் எத்தனையோ பேர். 2024ல் வந்த 'குரங்கு பெடல்' படம் அந்தக் கோடை விடுமுறையைத்தான் திரும்பக் கொண்டுவந்தது. வாடகை சைக்கிள் எடுத்தே பழகிய பையன்களில் சிலர் பிறகு அதே கடையில் காற்றடித்து, பஞ்சர் பார்த்து, ஓவராயில் வரை கற்றுக்கொண்டார்கள்.

ஓட்டுபவர்களால் கடையும் பாடம் கற்கும். 1991ல் புதுக்கோட்டை மாவட்டத்தில், கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்த்துப் பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு லட்சத்துக்கும் அதிகமான கிராமத்துப் பெண்கள் சைக்கிளைக் கையில் எடுத்ததாகப் பத்திரிகையாளர் பி.சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் தயங்காமல் ஜென்ட்ஸ் சைக்கிள் வாங்கினார்கள். முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. எந்தக் கம்பெனியும் யோசிக்காத காரணம் அது.

2001ல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத் தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், பிறகு அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர்கள் எல்லோருக்கும் விரிந்தது. இன்று கிராமங்களில் சைக்கிளுக்குப் பஞ்சமில்லை. பழுதுபார்க்க ஆள்தான் குறைகிறது. சைக்கிள் கடை வேலைக்கு வரும் இளைஞர்கள் குறைவு. பழைய கடைக்காரர்களிலும் பலர் பைக்குக்கு மாறிவிட்டார்கள். வீட்டுக்குப் பின்னால் மழையில் நனைந்து கிடக்கும் பல சைக்கிள்களுக்குத் தேவை ஒரு செயினும் அரைமணி நேர வேலையும்தான்.

2011 டிசம்பர் 30ல் தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்டதை இந்தப் பக்கத்து மக்கள் மறக்க மாட்டார்கள். மரங்கள் சாய்ந்து கிடக்கும் சாலையில், தோளில் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு ஏறிப் போகக்கூடிய வண்டி சைக்கிள்தான். அதைச் சரிசெய்யும் கடை தெருவில் இருப்பது, ஊருக்கே ஒரு பாதுகாப்பு.

கடையிலிருந்து எடுக்கும் முன்...

1. பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னால் தள்ளிப்பாருங்கள். சக்கரம் உருளக் கூடாது. பிரேக் பிடி, ஹேண்டில் பாரைத் தொடவும் கூடாது.

2. செயினில் 24 கண்ணிகளை அளந்தால் சரியாக 12 அங்குலம் இருக்க வேண்டும். 12¹⁄₁₆ அங்குலத்தைத் தொட்டுவிட்டால் செயினை மாற்றச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் ப்ரீவீல் பல்லும் சேர்ந்து தேயும்.

3. தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் போய் வந்தால், நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிடுங்கள். உப்புக்காற்று இரும்பைச் சும்மா விடாது.

4. புது சைக்கிளாக இருந்தாலும் முதல் மாதத்தில் ஒருமுறை கடைக்கு எடுத்துப்போய் நட்டுகளின் இறுக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

நீண்ட தூர சைக்கிள் பயணங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிப்பது உலகம் முழுக்க ஓர் அடிப்படைத் தேர்வு. கடலூர் - சிதம்பரம் போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பினால் கிட்டத்தட்ட அந்தத் தூரம் வந்துவிடும். எல்லோரும் அவ்வளவு ஓட்ட வேண்டியதில்லை. சிதம்பரத்துக்காரர்கள் ஒரு ஞாயிறு விடியற்காலையில் பிச்சாவரம் வரை போய்வரலாம். கடலூர்க்காரர்களுக்கு சில்வர் பீச் இருக்கிறது.

அதற்கு முன்னால், மூலையில் கிடக்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருக் கடைக்குப் போங்கள். வேலை முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு அவசரமாகக் கிளம்ப வேண்டாம்.

"அண்ணே, நீங்களே ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்களேன்" என்று சொல்லுங்கள். அவர் தெருமுனை வரை போய் வரட்டும். உங்கள் சைக்கிளுக்கு நல்லது. நாள் முழுக்க ஊரார் சைக்கிளைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும் அவருக்கும் கொஞ்சம் காற்று வாங்கினதுபோல இருக்கும்.