தொண்டை நிறுக்கும் தராசு

புலமைப்பரிசில் என்றதும் பரீட்சை மண்டபமும் வெட்டுப்புள்ளியும் நம் ஆசிரியர்களின் நினைவில் எழுவது இயல்பே. ஆனால், பரீட்சையே இல்லாத இடத்தில், ஊதியம் கருதாது உழைக்கும் தொண்டர்களுக்குள் புலமைப்பரிசில் வழங்க நேரின், எவரை எடுப்பது, எவரை விடுப்பது?

விக்கிப்பீடியா என்னும் இணையக் கலைக்களஞ்சியம் 2001 ஆம் ஆண்டிலே தோன்றியது. அதன் தமிழ்ப் பதிப்பு 2003 இல் தொடங்கிற்று. ஈழத்து அன்பர்கள் பலரும் அதற்குத் தோள் கொடுத்து வந்துள்ளனர். முகமறியாது உழைக்கும் இத்தொண்டர்கள் ஒருவரையொருவர் நேரிற் காணும் பொருட்டு, 'விக்கிமேனியா' என்னும் மகாநாடு 2005 இல் பிராங்பேர்ட் நகரிலே முதன்முறையாகக் கூடியது. பின்னர் அலெக்சாந்திரியா, ஹொங்கொங், கேப் ரவுண், சிங்கப்பூர், நைரோபி எனப் பல நகரங்களிலும் அது நடைபெற்றது. கடல் கடந்து செல்லப் பொருளில்லாத தொண்டருக்குப் பிரயாணச் செலவும் தங்குமிடமும் அளிப்பதே இம்மகாநாட்டின் புலமைப்பரிசில். இடங்களோ சில, விண்ணப்பங்களோ பல.

எவருக்கும் முதலில் தோன்றும் அளவுகோல் எண்ணிக்கை. ஒருவர் கட்டுரைகளில் எத்தனை முறை மாற்றம் செய்து பதிந்தார் என்பதை இயந்திரமே கணக்கிட்டுக் காட்டிவிடும். ஆனால், ஒரு காற்புள்ளியைத் திருத்திப் பதிந்தாலும் கணக்கு ஒன்றே. பல இரவுகள் நூல்களை ஆராய்ந்து முழுக் கட்டுரையை ஒரே முறையிற் பதிந்தாலும் கணக்கு ஒன்றே. மின்சாரமும் இணையமும் இடையறாது கிடைக்கும் வீட்டிலிருப்பவரையும், கைத்தொலைபேசியிற் காசு போட்டு அரைமணி நேரம் எழுதுபவரையும் இக்கணக்கு வேறுபடுத்தி அறியாது. மாணவர் பலருக்கு எழுதப் பழக்கும் கிராமத்து ஆசிரியரின் உழைப்போ, அம்மாணவர்களின் கணக்கிலன்றி அவர் கணக்கில் ஏறுவதில்லை.

ஆதலின் எண்ணிக்கையைத் தள்ளிவிடலாமோ? அதுவும் ஆபத்தே. எண் எழுந்த ஆசனத்தில் தாட்சண்யம் வந்து அமர்ந்துகொள்ளும். சிறிய மொழிக் குழுக்களில் நடுவரும் விண்ணப்பதாரரும் நண்பர்களாகவே இருப்பர். நல்ல ஆங்கிலத்தில் விண்ணப்பம் வரைந்தவர் நல்ல தொண்டராகவும் தோன்றுவார். ஒருமுறை சென்று வந்தவருக்கு அறிமுகம் பெருகும்; அந்த அறிமுகமே மறுமுறையும் அவரை அனுப்பிவைக்கும்.

இவற்றுக்குப் பரிகாரம் இல்லாமலில்லை. எவ்வெவற்றுக்கு எத்தனை புள்ளி என்பதை விண்ணப்பம் கோரும் முன்னரே அறிவித்தல் வேண்டும். ஒரே விண்ணப்பத்தை நடுவர் பலர் தனித்தனியே படித்துப் புள்ளியிடல் வேண்டும். நண்பரின் விண்ணப்பம் வரும்போது நடுவர் தாமே விலகிக்கொள்ளல் வேண்டும். பிரதேசங்களையும் மொழிகளையும் கருதி இடங்களைப் பகிர்தலும், இதுவரை செல்லாதவருக்கு முதலிடம் அளித்தலும் நன்று. சென்று வந்தவர் தாம் கற்றதைச் செல்லாதவர்க்கு எடுத்துரைக்கக் கடமைப்பட்டவர்.

எல்லாவற்றினும் மேலாக, மறுக்கப்பட்டவருக்குக் காரணம் கூறல் வேண்டும். பெரும்பாலான குழுக்கள் தவறும் இடம் இதுவே. ஊதியம் பெறுபவர் மனம் நொந்தாலும் மறுநாள் வேலைக்கு வருவார். தொண்டரைப் பிணித்து வைத்திருப்பது நம்பிக்கை ஒன்றே. அஃது அறுந்தால் அவர் முறையிடவும் மாட்டார், சொல்லாமலே அகன்றுவிடுவார். தேர்வு நேர்மையாக நடந்ததா என்பதை விமானம் ஏறியவரிடம் கேட்டுப் பயனில்லை. இடம் கிடைக்காதவர் மறுநாளும் எழுத அமர்கின்றாரா என்று பார்த்தாற் போதும்.